1996இல் விற்ற ஹெரால்டு கார் இப்போது எங்கே இருக்கும்? எப்படித் தேடுவது?

கேள்வி சுருக்கமாக இதுதான்: அப்பா 1969இல் புதிதாக வாங்கிய நான்கு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு, காரைக்குடி வீட்டில் நின்ற வண்டி. 1996இல் மதுரைப் புரோக்கர் ஒருவரிடம் விற்றுவிட்டார்கள். அப்பாவுக்கு எண்பத்தைந்து தாண்டிவிட்டது, பேச்செல்லாம் அந்த வண்டியைப் பற்றித்தான். கையில் இருப்பது இரண்டு கறுப்பு வெள்ளை போட்டோ, பாதி ஞாபகத்தில் ஒரு நம்பர். வண்டி இன்னும் இருக்குமா, கண்டுபிடிக்க வழி உண்டா?

வழி உண்டு. முதலில் காகிதத்தைத் தேடுங்கள், காரை அப்புறம் பார்க்கலாம். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். "வெள்ளை ஹெரால்டு, சிவப்பு சீட்டு, யாராவது பார்த்தீர்களா" என்று வாட்ஸ்அப்பில் போட்டோவைச் சுற்றவிட்டுக் காத்திருப்பார்கள். இருபத்தைந்து முப்பது வருடத்தில் பெயிண்டு இரண்டு மூன்று தடவை மாறியிருக்கும், சீட்டு மாறியிருக்கும், எஞ்சினே மாறியிருக்கலாம், வெளி மாநிலத்துக்குப் போயிருந்தால் நம்பரும் மாறியிருக்கும். மாறாமல் இருப்பது சேஸ் நம்பர், அதாவது வண்டியின் அடிச்சட்டத்துக்குக் கம்பெனி கொடுத்த எண், ஒன்றுதான். அது கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

சேஸ் நம்பர் வீட்டில்தான் எங்கேயாவது இருக்கும். ஆர்.சி. புத்தகம் வண்டியோடு போயிருக்கும், சரி. ஆனால் அதன் நகல் இருக்கலாம், பழைய இன்சூரன்ஸ் பாலிசியில் சேஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் அச்சாகியிருக்கும், கடன் போட்டு வாங்கியிருந்தால் அந்த ஒப்பந்தத்திலும் இருக்கும். யாருக்கும் தோன்றாத இடம் ஒன்று உண்டு: அப்பா கடையோ வியாபாரமோ நடத்தி, வண்டியை அந்தக் கணக்கில் காட்டியிருந்தால், ஆடிட்டரிடம் போன தேய்மானக் கணக்கில் வண்டி நம்பர் வருடா வருடம் ஏறியிருக்கும். வருமான வரிக் கோப்பை எடைக்குப் போட நம்மவர்களுக்கு மனசு வராது, அதனால் பரண் மேல் பாருங்கள்.

போட்டோ விஷயத்தில் உங்கள் வீட்டு ஆல்பத்தோடு நின்றுவிடாதீர்கள். அந்தக் காலத்தில் தெருவில் ஒரு கார் இருந்தால் சொந்தத்தில் நடந்த கல்யாணம் எல்லாவற்றுக்கும் அதுதான் மாப்பிள்ளை அழைப்புக் கார். சித்தப்பா வீடு, அத்தை வீடு, பக்கத்து வீட்டுக் கல்யாண ஆல்பங்களைக் கேட்டு வாங்குங்கள். (பூச்சரம் எப்போதும் நம்பர் பிளேட்டின் மேல்தான் தொங்கும், அது வேறு கதை. வண்டியின் பின்பக்கம் தெரியும் படமாகப் பாருங்கள்.) நெகட்டிவ் கிடைத்தால் பிரிண்டை விட அதை ஸ்கேன் செய்வது நல்லது, சின்ன எழுத்தும் தெளியும்.

பாதி நினைவில் இருக்கும் நம்பரையும் சோதித்துப் பாருங்கள். 1969இல் இங்கே பதிவான வண்டி என்றால் எம்.எஸ்., எம்.டி. என்று தொடங்கும் மூன்றெழுத்து வரிசையாகத்தான் இருக்க வேண்டும். டி.யில் தொடங்கும் மூன்றெழுத்து வரிசை மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என்று ஆன பிறகு வந்தது. டி.என். என்று போட்டு அலுவலக எண் எழுதும் முறை, 1988 மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலையில் நடைமுறைக்கு வந்த காலத்தை ஒட்டியது. வீட்டில் யாராவது "டி.என். 63" என்று சாதித்தால் அது பின்னால் வாங்கிய ஸ்கூட்டராகவோ மாருதியாகவோ இருக்கும். பொதுவாக நான்கு இலக்கத்தை எல்லாரும் சரியாகச் சொல்வார்கள், முன்னால் இருக்கும் எழுத்தில்தான் குழப்பம். மூன்றாவது எழுத்து தெரியவில்லை என்றால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம், பெரிய வேலை இல்லை.

போட்டுப் பார்க்கும் இடம் மத்திய அரசின் பரிவாகன் இணையதளம், அல்லது எம்பரிவாகன் செயலி. நம்பர் கணினியில் ஏறியிருந்தால் வண்டியின் பெயர், பதிவான தேதி, எஃப்.சி. (தகுதிச் சான்று) எதுவரை, இன்சூரன்ஸ் எதுவரை என்பதெல்லாம் வரும். உரிமையாளர் பெயரில் சில எழுத்துகளை மறைத்துத்தான் காட்டுவார்கள். எதுவும் வரவில்லை என்றால் வண்டி செத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. பழைய கைப்பதிவேடுகள் எல்லாம் கணினியில் ஏறவில்லை. யாராவது புதுப்பிக்கவோ பெயர் மாற்றவோ வந்தபோதுதான் பல வண்டிகள் ஏறின. ஆக, நம்பர் வந்தாலே அது நல்ல சேதி. கணினி வந்த பிறகும் யாரோ அந்த வண்டிக்குக் காசு செலவழித்திருக்கிறார்கள் என்று பொருள்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மறைத்துக் காட்டும் அந்தப் பெயர் உங்கள் அப்பா பெயர் மாதிரியே இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அந்தக் காலத்தில் புரோக்கரிடம் விற்பது என்றால் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் வெற்றுக் கையெழுத்துப் போட்டு, ஆர்.சி. புத்தகத்தோடு கொடுத்துவிடுவது. வாங்குபவர் பெயர் மாற்றிக்கொள்வார் என்று நம்பிக்கை. பலர் மாற்றவே இல்லை, அப்படியே நாலு கை மாறும். சட்டப்படி ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். விபத்து நடந்தால் நஷ்டஈடும் அவர் தலையில்தான் விழும் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் நவீன் குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. வண்டி ஏதாவது ரிசார்ட் வாசலில் நின்றால் கவலை இல்லை. சாலையில் ஓடிக்கொண்டிருந்து இன்சூரன்ஸும் இல்லாமல் இருந்தால் அது அப்பாவுக்குத்தான் தலைவலி. வண்டி திரும்பக் கிடைக்கிறதோ இல்லையோ, இதை மட்டும் பார்த்துவிடுங்கள்.

அடுத்து ஆர்.டி.ஓ. ஆபீஸ். எந்த ஆபீஸ் என்பதே ஒரு கேள்வி. 1969இல் காரைக்குடி ராமநாதபுரம் மாவட்டம். 1985இல் அந்த மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோதுதான் இன்றைய சிவகங்கைப் பக்கம் வந்தது. வாங்கிய டீலர் மதுரையிலோ சென்னையிலோ இருந்து அங்கேயே பதிவாகியிருக்கவும் வாய்ப்பு உண்டு. நம்பரின் முன்னெழுத்து எந்த ஊருக்கு உரியது என்று அலுவலகத்தில் பழைய ஆட்கள் சொல்லிவிடுவார்கள். அங்கே கேட்க வேண்டியது பி ரிஜிஸ்டர். வண்டி முதல் நாள் பதிவானதிலிருந்து யார் யார் பெயருக்கு மாறியது, எந்த வங்கிக்கு அடமானம், எப்போது புதுப்பித்தார்கள் என்பதெல்லாம் அதில் ஒரே பக்கத்தில், வேறு வேறு மையில், வேறு வேறு கையெழுத்தில் ஏறியிருக்கும். நீங்கள் போய்க் கேட்பதைவிட, முன்னாள் உரிமையாளர் என்ற முறையில் அப்பா கையெழுத்துப் போட்ட மனுவும் அவருடைய அடையாள அட்டை நகலும் கொண்டுபோவது நல்லது. கவுண்டரில் கிடைக்கும் மரியாதையே வேறு.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாமே என்று பலர் சொல்வார்கள். போடலாம், ஆனால் கேட்கும் விதம் தெரிய வேண்டும். "இப்போதைய உரிமையாளர் பெயர், விலாசம் கொடுங்கள்" என்று கேட்டால் பிரிவு 8(1)(ஜே), தனிநபர் தகவல் என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. அதற்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள்: இந்த நம்பருக்குப் பதிவேடு இருக்கிறதா, கடைசியாகப் புதுப்பித்தது எந்தத் தேதி, தடையில்லாச் சான்று கொடுத்திருந்தால் எந்த அலுவலகத்துக்கு, எப்போது, பதிவு ரத்தாகியிருந்தால் எந்தத் தேதியில். இதில் யாருடைய சொந்த விஷயமும் இல்லை, மறுக்கக் காரணம் கம்மி. உங்களுக்கு வேண்டியதும் இதுதான். சொந்தக் காருக்குப் பதினைந்து வருடத்துக்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்க வேண்டும். கடைசியாகக் காட்டியது 2001 என்றால் வண்டி 2006வாக்கில் சாலையை விட்டுப் போயிருக்கலாம். 2016இல் காட்டியிருந்தால் யாரோ ஆசையாக வைத்திருக்கிறார்கள். 2022 ஏப்ரலில் காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 600இலிருந்து 5,000 ரூபாய் ஆனது. அதற்குப் பிறகும் புதுப்பித்திருந்தால் அவர் சாதாரணமாக விற்கமாட்டார், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தடையில்லாச் சான்று, அதாவது என்.ஓ.சி., போயிருந்தால் தடம் அந்த ஊருக்கு நகரும். வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புது நம்பர் வாங்க வேண்டும் என்பது சட்டம். கேரளாவுக்கோ கர்நாடகாவுக்கோ போன வண்டியை எம்.எஸ். நம்பரை வைத்துக்கொண்டு ஆயிரம் பேரிடம் கேட்டாலும் "அப்படி ஒரு வண்டியே பார்த்ததில்லை" என்பார்கள், பொய் இல்லை. புது ஆர்.சி.யில் பழைய நம்பரும் அதே சேஸ் நம்பரும் இருக்கும். அதனால்தான் சேஸ் நம்பரை விடாதீர்கள் என்கிறேன்.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே ஆட்களையும் தேடத் தொடங்கலாம். உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம், வண்டி அம்பாசிடர் இல்லை. அம்பாசிடர் என்றால் ஊருக்கு நூறு ஓடியது, எந்த மெக்கானிக்குக்கும் எதுவும் ஞாபகம் இருக்காது. ஹெரால்டு அப்படி இல்லை. இங்கிலாந்து டிரையம்ப் ஹெரால்டை வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு கம்பெனி 1961 முதல் இங்கே செய்தது. இத்தாலிக்காரர் மிக்கெலொட்டி வரைந்த உடம்பு, 948 சி.சி. எஞ்சின், முன் மூக்கு முழுவதும் முன்னால் கவிழ்ந்து திறக்கும் பானட், இருபத்தைந்து அடிக்குள் வட்டமடிக்கும் ஸ்டியரிங். பின்னால் குறுக்குவாட்டில் ஒரே பட்டை ஸ்பிரிங்கும், ஆடும் ஆக்ஸிலும். இந்தப் பின்பக்கத்தைப் பார்த்தாலே பாதி மெக்கானிக்குகள் "வேண்டாம் சார்" என்று கை எடுத்துவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு ஊரிலும் ஹெரால்டு பார்ப்பவர் ஒருவரோ இருவரோதான். அந்த வட்டாரத்து வண்டிகள் எல்லாம் அவர் பட்டறைக்குப் போயே ஆக வேண்டும். மதுரை, திருச்சி, கோயம்புத்தூரில் அந்த ஆட்களைப் பிடியுங்கள். அவர் காலமாகியிருந்தால் பட்டறையை நடத்தும் மகனையோ, கூட வேலை பார்த்த டிங்கரையோ பாருங்கள். டிங்கருக்கு இருக்கும் ஞாபகம் யாருக்கும் இருக்காது. கதவு அடியில் எங்கே துருப்பிடித்து எங்கே தகடு வைத்துப் பற்றவைத்தோம் என்று இருபது வருடம் கழித்தும் சொல்வார்.

அந்தப் புரோக்கரும் முக்கியம். பேர் தெரியாது என்றால் வீட்டுக்கு அழைத்து வந்தவர் யார் என்று அப்பாவிடம் கேளுங்கள். டிரைவர், மெக்கானிக், பக்கத்துக் கடைக்காரர் என்று யாரோ ஒருவர் கமிஷனுக்கு நடுவில் இருந்திருப்பார். புரோக்கர்கள் விலையை மறப்பார்கள், வாங்கிய பார்ட்டியை மறப்பதில்லை.

சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டரிங் கிளப், ஹிஸ்டாரிக்கல் கார் அசோசியேஷன் ஆஃப் இந்தியா என்று அமைப்புகள் இருக்கின்றன. அவர்களுடைய ஊர்வலத்துக்கு வரும் ஹெரால்டுகளின் உரிமையாளர்களுக்கு ஒருவரை ஒருவர் தெரியும், உதிரிபாகத்துக்காகவே தெரிந்துவைத்திருப்பார்கள். ஒரே ஒரு தாளில் போட்டோ, நம்பர், வாங்கிய வருடம், விற்ற வருடம், ஊர் இவற்றைப் போட்டு அனுப்புங்கள். சேஸ் நம்பரை மட்டும் முழுசாகப் போடாதீர்கள். கடைசி மூன்று இலக்கத்தை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். "வண்டி என்னிடம்தான் இருக்கிறது, அட்வான்ஸ் அனுப்புங்கள்" என்று நிச்சயம் யாராவது போன் செய்வார். அந்த மூன்று இலக்கத்தைச் சொல்லச் சொல்லுங்கள். தகவலுக்குச் சன்மானம் தருவதாகச் சொல்லலாம், வண்டியைக் கண்ணால் பார்த்த பிறகு.

வண்டி நிற்கக்கூடிய வேறு இடங்களும் உண்டு. பழைய காலப் படங்களுக்கு வண்டி வாடகைக்கு விடுபவர்கள் வடபழனி, சாலிகிராமம் பக்கம் இருக்கிறார்கள், ஹெரால்டு அவர்களுக்குப் பிடித்த வண்டி. ஆனால் திரையில் தெரியும் நம்பரை நம்பாதீர்கள், ஷூட்டிங்குக்கு ஒட்டிய நம்பராக இருக்கும். செட்டிநாட்டு வீடுகளை ஹோட்டலாக மாற்றியவர்கள் முற்றத்தில் அழகுக்கு ஒரு பழைய காரை நிறுத்துவது வழக்கம், பாதியில் எஞ்சினே இருக்காது. உங்கள் ஊர் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைக்காரர்களுக்கு யார் யாரிடம் என்ன வண்டி போனது என்று நன்றாகவே தெரியும். மதுரையில் தேடிவிட்டு அங்கே கேட்காமல் இருக்காதீர்கள்.

காயலான் கடையைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். 1996 என்பது இந்த வண்டிக்கு மிக மோசமான காலம். கம்பெனி மூடியாகிவிட்டது, தெருவெல்லாம் மாருதி, உதிரிபாகம் கிடைக்காது, 'பழமை' என்று கொண்டாட ஆளும் கிடையாது. இரும்பு விலைக்குப் போன ஹெரால்டுகள் ஏராளம், புதுப்பேட்டையில் பிரித்து விற்றவை அதைவிட அதிகம். உங்கள் வண்டி முழுசாக இருக்க வாய்ப்பு சரிபாதிக்கும் குறைவு என்றுதான் நான் சொல்வேன். அப்பாவிடம் இப்போதே ஆசை காட்டிவிடாதீர்கள்.

சரி, ஒரு வண்டி அகப்பட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதுதானா இது என்று எப்படித் தெரியும்? நான்கு கதவு ஹெரால்டு மார்க் 3, அது 1968இல்தான் வந்தது, ஆகவே அப்பா சொல்லும் 1969 சரியாகப் பொருந்துகிறது. யாராவது இரண்டு கதவு வண்டியைக் காட்டினால் பேச்சையே வளர்க்க வேண்டாம். 1972இல் அதே கம்பெனியிலிருந்து வந்த கெஸல் காரும் நான்கு கதவுதான், அதை ஹெரால்டு என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். குனிந்து பின்சக்கரங்களுக்கு நடுவே பாருங்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே விறைப்பான ஆக்ஸில் போனால் அது கெஸல்.

அப்புறம் சேஸ் நம்பர். பானட்டைக் கவிழ்த்துவிட்டுத் தகடு இருக்கிறதா பாருங்கள். தகட்டை மட்டும் நம்பாமல், காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுங்கள், ஆர்.டி.ஓ.வுக்கு எடுப்பது போலத்தான். சுரண்டிய இடமும் திரும்பக் குத்திய இலக்கமும் கண்ணுக்குத் தெரிவதைவிட அச்சில் பளிச்சென்று தெரியும். தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகள் புதுசாக மின்னினால் சந்தேகப்படுங்கள். நிறத்தைச் சோதிக்கக் கதவு ஓரத்து ரப்பர் பீடிங்கை ஒரு விரல் அகலத்துக்கு மெல்ல இழுத்துப் பாருங்கள். அதன் அடியில் பட்டி போட்டவனும் பெயிண்டு அடித்தவனும் தொடாத ஒரு கோடு இருக்கும். மேலே மெட்டாலிக் நீலம் அடித்திருந்தாலும் அந்தக் கோட்டில் கம்பெனி அடித்த நிறம் அப்படியே நிற்கும். டாஷ்போர்டில் பிள்ளையார் தகடு திருகிய இரண்டு ஓட்டை, ஏரியலுக்குப் போட்ட ஓட்டை, டிரைவர் பக்கம் ஃபேன் மாட்டிய தடம் இதையெல்லாம் போவதற்கு முன்பே அப்பாவிடம் பேச்சுவாக்கில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். போட்டோவைக் காட்டிக் கேட்டால் இல்லாததும் ஞாபகம் வரும்.

ஹெரால்டில் ஒரு சிக்கல் உண்டு. உடம்பும் சேஸும் தனித்தனி, உடம்பையே பகுதி பகுதியாக போல்ட்டு போட்டு மாட்டியிருப்பார்கள். அதனால் இரண்டு மூன்று வண்டியைப் பிரித்து ஒன்று சேர்ப்பது சுலபம், நிறையப் பேர் செய்திருக்கிறார்கள். உங்கள் சேஸின் மேல் வேறு வண்டியின் உடம்பு உட்கார்ந்திருக்கலாம், உங்கள் உடம்பு வேறு சேஸில் ஓடலாம். சட்டத்துக்குச் சேஸ்தான் வண்டி. அப்பாவுக்கு அவர் கை வைத்த கதவும் ஸ்டியரிங்கும்தான் வண்டி. என்னைக் கேட்டால் உடம்பு கிடைத்தாலே போதும் என்பேன், ஆனால் விலை பேசும்போது சேஸுக்கு உண்டான விலையைக் கொடுத்துவிடாதீர்கள்.

உரிமையாளரைப் பார்க்கப் போகும் முதல் நாளே அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அவர் கண்கலங்கினால் விலை அங்கேயே ஏறிவிடும். முதலில் ஒரு கடிதம் எழுதுங்கள். பழைய போட்டோ நகல் ஒன்றை வைத்து, "எங்கள் அப்பா வாங்கிய வண்டி, நீங்கள் இத்தனை நாள் காப்பாற்றியதற்கு நன்றி, ஒருநாள் அவர் வந்து பார்க்கலாமா" என்று மட்டும். வாங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு அதன் முதல் உரிமையாளரைச் சந்திப்பது என்றால் தனி சந்தோஷம், அநேகமாக அவரே கூப்பிட்டு ஒரு சுற்று ஓட்டிக் காட்டுவார். விற்கமாட்டேன் என்றாலும் அந்த உறவு இருக்கட்டும். அவர் மனசு மாறும் நாளில் முதல் போன் உங்களுக்கு வரும்.

விற்கச் சம்மதித்தால், 1996இல் விட்ட வேலையை இந்தத் தடவை விடாதீர்கள். படிவம் 29, 30 இரண்டையும் முழுசாக நிரப்பிக் கையெழுத்து வாங்கி, இன்சூரன்ஸைப் பதினான்கு நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற மனுப் போட்டுவிடுங்கள். ஐம்பது வருடம் தாண்டிய வண்டி என்பதால் 2021இல் வந்த விண்டேஜ் பதிவுக்கும் இது தகுதிதான்: கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், புதுசாகப் பதிவதற்கு வி.ஏ. என்ற எழுத்துள்ள வரிசை, ஏற்கெனவே நம்பர் உள்ள வண்டிக்குப் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பதிவில் வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல், ரிப்பேர் இந்த மாதிரிக் காரியங்களுக்கு மட்டும்தான் சாலையில் எடுக்கலாம். பழைய ஆர்.சி. இன்னும் செல்லுபடியாகிறது என்றால் சாதாரணமாக எஃப்.சி. காட்டி அதையே புதுப்பித்துக்கொண்டு போங்கள். அப்பாவை உட்காரவைத்துப் பிள்ளையார்பட்டி வரை போய்வர அதுதான் சரிப்படும்.